கைத்தொலைபேசியின் மின்கலம்: ஒரு நாள் உழைப்பும் அதன் ஆயுளும்

தோட்டப்புறங்களில் இன்று கைத்தொலைபேசி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. சம்பளம் வங்கியில் சேர்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்கும், பள்ளியின் அறிவிப்பைப் படிப்பதற்கும், வெளியூரில் பணிபுரியும் பிள்ளையின் முகத்தைக் காண்பதற்கும் அதுவே கருவியாகிவிட்டது. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின் பள்ளிகள் மூடப்பட்டிருந்த மாதங்களில், ஒரே கைத்தொலைபேசியை இரண்டு மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பாடம் படித்த லயங்களை நாம் அறிவோம். அத்தகைய கருவி நண்பகலிலேயே கண்ணை மூடிக்கொள்ளுமானால், அது வெறும் தொல்லை மட்டுமன்று. வெட்டுக்காட்டில் தனியே நிற்பவரைப் பாம்பு தீண்டினாலோ, மழையிரவில் மண் சரிந்தாலோ, உதவிக்கு அழைக்கும் வழியே அடைபட்டுப் போகிறது.

"பேட்டரி நிற்பதில்லை" என்பது எல்லாத் தோட்டங்களிலும் கேட்கும் குறை. ஆயினும் இந்த ஒரே சொற்றொடருக்குள் இரண்டு வெவ்வேறு குறைகள் அடங்கியுள்ளன. ஒன்று, காலையில் நிறைய மின்னேற்றிச் சென்றும் மாலைக்குள் தீர்ந்துவிடுவது. மற்றொன்று, வாங்கிய ஆண்டில் நாள் முழுதும் தாங்கிய கருவி, இரண்டு ஆண்டு கழிவதற்குள் அரைநாளுக்கும் தாங்காமற் போவது. முன்னது செலவைப் பற்றியது; பின்னது தேய்மானத்தைப் பற்றியது. இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. இவற்றைப் பிரித்தறியாமையால்தான் பலர் தேவையற்ற மருந்தைச் செய்து, தேவையானதை விட்டுவிடுகின்றனர்.

முன்னதை விளக்குவதற்குக் கேமரன் மலையின் கம்போங் ராஜாவைப்போல் பொருத்தமான இடம் வேறில்லை. ரப்பர்த் தோட்டத்தார்க்கு எழுதும் கட்டுரையில் தேயிலைத் தோட்டம் எதற்கு என்று வாசகர்கள் வினவலாம். காரணத்தை இப்போதே கூறிவிடுகிறோம். மின்கலத்தின் பெரும்பகைவன் வெப்பம். மலையில் அப்பகைவன் இல்லை. ஆகவே, மலையிலும் பேட்டரி மாலைக்குள் தீர்கிறது என்றால், அதற்கு வெப்பமல்லாத வேறொன்று காரணமாதல் வேண்டும். அது யாதெனக் கண்டுகொண்டால் சமவெளித் தோட்டத்திற்கும் அது பயன்படும்.

ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறும் சாலையில் செல்வோர், கேமரன் மலையில் முதலில் அடையும் சிறு பட்டணமே கம்போங் ராஜா. அதனையடுத்துப் புளூ வேலி தோட்டமும், அத்தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளியும் உள்ளன. சரிவெங்கும் தேயிலையும், பள்ளங்களில் காய்கறித் தோட்டங்களும் பரந்து கிடக்கும் நிலம் அது. கொழுந்து பறிப்போர் காலையில் இறங்கினால், ஒரு மடிப்பிலிருந்து மறு மடிப்புக்கு நகர்ந்துகொண்டே இருப்பர். "குளிரில் பேட்டரி உறைந்துபோகிறது, ஐயா" என்பது இத்தகைய மலைப்பகுதிகளில் பலரும் சொல்லும் காரணம். அது முற்றும் பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று.

இதனை ஆராயுமுன் மின்கலத்தின் உள்ளமைப்பைச் சற்றே காண்போம். இன்றைய கைத்தொலைபேசிகளில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். அதனுள் இரண்டு மெல்லிய தகடுகள், இடையில் நுண்துளைகளையுடைய ஒரு தாள், அதை நனைத்து நிற்கும் ஒரு நீர்மம் ஆகியவை உள்ளன. மின்னேற்றும்போது லித்தியத்தின் மின்னூட்டம் பெற்ற அணுக்கள் ஒரு தகட்டிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று அடைகின்றன. நாம் பேசும்போதும் படம் பார்க்கும்போதும் அவை பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. இந்தப் போக்குவரத்தே மின்சாரமாக வெளிப்படுகிறது. 1991-ஆம் ஆண்டில் ஜப்பானின் சோனி நிறுவனம் இவ்வகை மின்கலத்தை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடிகோலிய ஸ்டான்லி விட்டிங்ஹாம், ஜான் குட்இனஃப், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கைத்தொலைபேசிப் பெட்டியின்மேல் 5000 மில்லிஅம்பியர்-மணி என்று அச்சிட்டிருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். மின்கலத்தின் கொள்ளளவு அது. வீட்டு விளக்கின் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 19 வாட்-மணி. அதாவது, 10 வாட் விளக்கொன்றை இரண்டு மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக எரிக்கப் போதுமான மின்சாரம். அவ்வளவே! இதைக் கொண்டு ஒரு கருவி 24 மணி நேரம் உழைக்க வேண்டுமானால், அது சராசரியாக ஒரு வாட்டுக்கும் குறைவாகவே செலவிடுதல் வேண்டும். இத்துணைச் சிறு சேமிப்பைக் கொண்டு குடித்தனம் நடத்துகிறது என்பதை மனத்தில் கொண்டால், எந்தச் செலவு பெரிது எந்தச் செலவு சிறிது என்று பார்ப்பதன் தேவை விளங்கும்.

முதற்பெருஞ்செலவு திரையின் வெளிச்சம். வெயிலில் நிற்கும்போது எழுத்துத் தெரிவதற்காகக் கருவி தானே வெளிச்சத்தை உச்சத்திற்கு உயர்த்திக்கொள்கிறது. மர நிழலிலோ கொட்டகையிலோ நின்று பார்த்தால் அச்செலவு வெகுவாகக் குறையும். திரை தானாக அணைவதற்கான நேரத்தை 30 விநாடியாக வைத்துக்கொள்வதும் நன்று. இதனைப் பெரும்பாலோர் அறிந்திருப்பர்; ஆகவே நீட்டிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது செலவு கண்ணுக்குத் தெரியாதது. 'லைன் இல்லை' என்று நாம் சொல்கிறோமே, அந்த நிலையில்தான் அது மிகுகிறது. கைத்தொலைபேசி பேசாமல் சட்டைப்பையில் கிடக்கும்போதும் கோபுரத்தோடு அவ்வப்போது தொடர்புகொண்டபடியே இருக்கிறது. கோபுரம் அருகிலிருந்தால் காதோடு பேசுவதுபோல் மெல்லப் பேசினாற் போதும். பள்ளத்தாக்கின் அக்கரையில் இருப்பவரைக் கூப்பிட வேண்டுமானால் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறதன்றோ? அதுபோலவே, அலை நலிந்த இடத்தில் கருவி தன் ஒலிபரப்பின் வலிமையைக் கூட்டிக்கொண்டே போகிறது. 4ஜி முறையில் அதன் உச்சம் ஏறக்குறைய 0.2 வாட். பழைய 2ஜி முறையில் 2 வாட் வரையிலும் விட்டுவிட்டு எழும். கோபுரத்தின் அருகில் அதே கருவி இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு வலிமையோடு பேசிவிடக்கூடும். மேலும், ஒலிபரப்பும் உறுப்பு தான் வெளியிடும் ஆற்றலைப்போல் பன்மடங்கை மின்கலத்திலிருந்து உறிஞ்சுகிறது. ஒரு வாட்டுக்கும் குறைவான வருமானத்தில் இது எத்துணைப் பெரிய செலவு என்பதைக் கூற வேண்டுவதில்லை.

மலையின் அமைப்பு இச்செலவைப் பெருக்குகிறது. கைத்தொலைபேசி அலைகள் ஒளியைப்போல் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வன. ஒரு குன்றின் மண்ணையும் பாறையையும் ஊடுருவி வர அவற்றால் இயலாது. எனவே, கடைத்தெருவில் நிறைந்து நிற்கும் கோடுகள், சரிவில் இறங்கிக் குன்றின் மறைவுக்குச் சென்றதும் ஒன்றாகக் குறைகின்றன. சில இடங்களில் ஒன்றுமே இல்லாமற் போகின்றன. அப்போது கருவி இருக்கும் கோபுரங்களை எல்லாம் மீண்டும் மீண்டும் தேடுகிறது. 4ஜி-யைத் தேடும், கிட்டாவிடில் 2ஜி-க்கு இறங்கும், சிறிது கிட்டினால் மீண்டும் ஏறும். நம் நாட்டில் 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டதால் இடைப்படி ஏதும் இல்லை. இவ்வாறு கொழுந்து பறிக்கும் ஆறேழு மணி நேரமும் யாரும் தொடாத கருவி, தனக்குள்ளேயே ஓடியாடிக் களைத்துவிடுகிறது. குளிரின்மேல் சுமத்தப்பட்ட பழியில் பெரும்பங்கு இந்தத் தேடலுக்கு உரியது.

குளிருக்கும் சிறு பங்கு உண்டு. கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் 6 டிகிரி செல்சியசுக்கு மேல் குறைகிறது. நம் நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையும் கேமரன் மலைக்கே உரியது. 1978-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் அங்கு 7.8 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. குளிர்ச்சியில் மின்கலத்தின் நீர்மத்தினூடே அணுக்களின் ஓட்டம் மந்தமடைகிறது; அதனால் கொள்ளளவு குறைந்ததுபோல் தோன்றும். உடற்சூட்டில் வைத்தால் போனது திரும்பிவிடும். ஆகையால் அதிகாலையில் கருவியைச் சட்டையின் உட்பையில் வைத்துக்கொள்வது போதுமானது. அடுப்பருகில் வைத்துக் காய்ச்சுவது மூடத்தனம். குளிரில் மின்கலம் உண்மையாகவே கெடுவது உறைநிலைக்குக் கீழ் மின்னேற்றும்போதுதான். நம் நாட்டின் தோட்டங்களில் அந்நிலை எங்கும் இல்லை.

சமவெளி ரப்பர்த் தோட்டத்தில் குன்று இல்லாவிடினும், நெடுஞ்சாலையிலிருந்து தள்ளிக் கிடக்கும் வெட்டுக்காடுகளில் இதே நிலைதான். ஆகவே மருந்தும் ஒன்றே. லைன் அறவே இல்லாத இடமாயின், விமானப் பயண முறையை இயக்கிவிடலாம், தேடல் நின்றுபோகும். ஒரு கோடேனும் தெரியும் இடமாயின் அவ்வாறு செய்தல் கூடாது என்பது நம் கருத்து. தனியே பால் வெட்டுபவர் அழைக்கப்படக்கூடியவராகவும் அழைக்கக்கூடியவராகவும் இருத்தல் வேண்டும். அவர்கள் இணையத் தரவை மட்டும் நிறுத்திவைத்து, அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் வழி விட்டுவைப்பதே தக்கது. 5ஜி எட்டாத இடங்களில் கருவியின் அமைப்பில் 4ஜி-யைத் தேர்ந்து வைப்பது வீண் தேடலைக் குறைக்கும். வாட்சப் குழுக்களில் வரும் நிகழ்படங்கள் தாமாக இறங்கிக்கொண்டிருப்பதையும் நிறுத்திவிடலாம். காலை வணக்கப் படங்கள் நாற்பது வந்து குவிவதற்காக நலிந்த அலையில் கருவி பாடுபட வேண்டியதில்லை! வீட்டில் வைஃபை இருந்தால் அங்கே இறக்கிக்கொள்ளலாம். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

இன்னொன்றையும் இங்குக் கூறவேண்டும். விடியுமுன் மரத்தடிக்குச் செல்வோருள் சிலர், நெற்றி விளக்குக்குப் பதிலாகக் கைத்தொலைபேசியின் விளக்கையே பயன்படுத்துகின்றனர். விளக்குக்கென வேறு மின்கலம் இருக்கையில், உயிர்காக்கும் அழைப்புக்கு உரியதை அதில் எரிப்பது சிக்கனமாகாது. திறந்த செயலிகளை எல்லாம் ஓயாமல் தள்ளி மூடுவதும் பயனற்றது; மூடியதை மீண்டும் முதலிலிருந்து திறப்பதற்கே அதிகம் செலவாகும்.

மழைக்கால இரவுகளைப் பற்றித் தனியே எண்ண வேண்டியிருக்கிறது. 2024-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் அதிகாலையில் கம்போங் ராஜா, புளூ வேலி பகுதியில் மண் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர் ஐவர் புதையுண்டனர். இத்தகைய பேரிடரில் கைத்தொலைபேசி ஒன்றே எவரையும் காத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வீட்டார் உதவியை அழைப்பதும், எச்சரிக்கை பிறரைச் சென்றடைவதும் அதன் வழியேதான். பெருமழையில் மின்சாரம் துண்டிக்கப்படுவதும் உண்டு. ஆதலின் வடகிழக்குப் பருவமழை மாதங்களில், மாலை கறுத்துக்கொண்டு வரும்போதே மின்னேற்றிவிடுதல் வேண்டும். வீட்டில் இரண்டு கருவிகள் இருந்தால் ஒன்றைத் தொடாமல் நிறைத்து வைத்தல் நலம். மின்சாரம் போய்விட்டால் உடனே மின்சேமிப்பு முறையை இயக்க வேண்டும். 10 விழுக்காட்டுக்கு வந்தபின் இயக்குவதில் பயன் சிறிது. எஞ்சியிருப்பது மிகக் குறைவாயின் நீண்ட பேச்சைத் தவிர்த்து, இருக்குமிடத்தையும் நிலையையும் குறுஞ்செய்தியாக உறவினர்க்கு அனுப்பலாம். நலிந்த அலையிலும் குறுஞ்செய்தி சென்று சேரக்கூடும். அவசர எண் 999.

இனி இரண்டாவது குறைக்கு வருவோம். "இரண்டு வருஷத்தில் கெட்டுப்போகும்படிதான் செய்து விற்கிறார்கள்" என்று சமவெளித் தோட்டங்களில் சொல்வதுண்டு. மின்கலம் தேய்வது இயல்பு என்பது உண்மையே. ஆனால் எத்துணை விரைவில் தேய்வது என்பதைப் பெருமளவு நாமே தீர்மானிக்கிறோம்.

பால் மரத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் மெல்லிய பட்டைச் சீவல் ஒன்று போகிறது. முறையோடு வெட்டுபவரின் மரம் இருபத்தைந்து ஆண்டு பால் தரும். ஆழ வெட்டி மரத்தைக் காயப்படுத்துபவரின் மரம் முடிச்சு விழுந்து சீக்கிரமே ஓய்ந்துவிடும். மின்கலத்தின் ஒவ்வொரு மின்னேற்றமும் அத்தகைய ஒரு வெட்டு. தகடுகளின்மேல் நுண்ணிய படலம் ஒன்று ஒவ்வொரு முறையும் சற்றே தடிக்கிறது. அதில் சிக்கிய லித்தியம் மீண்டும் வேலைக்கு வருவதில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. மரத்தின் பட்டை மறுபடி வளரும். மின்கலத்தில் போனது போனதுதான்.

எத்தனை வெட்டுத் தாங்கும் என்பதற்கும் கணக்குண்டு. ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன் 14 வரையிலான கருவிகளின் மின்கலம் 500 முழுச் சுற்றுக்குப்பின் தொடக்கக் கொள்ளளவில் 80 விழுக்காட்டைத் தக்கவைக்கும் வகையில் அமைந்தது என்றும், ஐபோன் 15 முதல் அது 1000 சுற்று என்றும் கூறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025-ஆம் ஆண்டு ஜூன் 20 முதல் தன் சந்தைக்கு வரும் கைத்தொலைபேசிகளுக்கு 800 சுற்றைக் கட்டாயமாக்கியுள்ளது. ஒரு சுற்று என்பது ஒரு முறை கம்பியைச் சொருகுவதன்று. இன்று 50 விழுக்காடும் நாளை 50 விழுக்காடும் ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஒரு சுற்று. ஆகவே இடையிடையே சிறிது சிறிதாக ஏற்றுவதால் கெடுதல் இல்லை. முழுவதும் வடித்துவிட்டு, பின் முழுவதும் நிரப்ப வேண்டும் என்பது பழைய நிக்கல்-காட்மியம் மின்கலங்களுக்குச் சொன்ன விதி. அவை போயும் அவ்விதி போகவில்லை. லித்தியம் மின்கலத்திற்கு அடிவரை வடிப்பதே ஆழ வெட்டு. 20 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்காமலும் 80 விழுக்காட்டுக்கு மேல் நெடுநேரம் நில்லாமலும் பார்த்துக்கொண்டால் ஆயுள் நீளும்.

இவற்றினும் கொடியது வெப்பம். கனடாவின் கேடெக்ஸ் நிறுவனம் வெளியிட்டுள்ள கணக்கொன்றை இங்குத் தருகிறோம். 40 விழுக்காடு மின்னேற்றிய லித்தியம் மின்கலத்தைப் பயன்படுத்தாமல் 25 டிகிரி செல்சியசில் ஓராண்டு வைத்தால், கொள்ளளவில் 96 விழுக்காடு எஞ்சும். முழுதும் ஏற்றி அதே வெப்பத்தில் வைத்தால் எஞ்சுவது 80 விழுக்காடு. 40 டிகிரியில் இவை முறையே 85 ஆகவும் 65 ஆகவும் குறைந்துவிடுகின்றன. எண்களை ஊன்றிப் பாருங்கள்: வெப்பமும் நிறைவும் தனித்தனியே கெடுக்கின்றன, இரண்டும் கூடினால் ஓராண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது, அதுவும் ஒரு முறைகூடப் பேசாமலே! கம்போங் ராஜாவின் தொழிலாளி மாலைக்குள் மின்கலம் தீர்ந்ததென வருந்தினாலும், ஆண்டுக் கணக்கில் அவர் மின்கலம் இதனால்தான் தப்பிக்கிறது. சமவெளியில் இருப்பவர்க்கு அந்த நற்பேறு இல்லை.

நம் தோட்டங்களில் 40 டிகிரி எங்கே வருகிறது என்று கேட்கலாம். காற்றின் வெப்பம் அவ்வளவு இராது. பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் பதிவான 40.1 டிகிரிதான் நாட்டின் உச்சம். ஆனால் நாம் சொல்வது கருவியின் வெப்பம். வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் கூடையில் கிடக்கும் கறுப்பு நிறக் கைத்தொலைபேசியைத் தொட்டுப் பாருங்கள். காரின் முகப்பில் கண்ணாடிக்குக் கீழ் வைத்ததையும் தொட்டுப் பாருங்கள். தகரக் கூரையின் கீழ் நண்பகலில் மின்னேற்றும்போது, மின்னேற்றத்தால் எழும் சூடும் கூரையின் சூடும் சேர்ந்துகொள்கின்றன. அந்நேரத்தில் பிள்ளையின் கையில் விளையாட்டும் ஓடிக்கொண்டிருந்தால் மூன்றாவது சூடும் கூடிவிடுகிறது. புகைக்கூடத்தில் பணிபுரிவோர் கருவியை உள்ளே கொண்டு செல்லாதிருப்பது நன்று. ரப்பர்த் தாளுக்கு ஏற்ற சூடு மின்கலத்திற்கு ஏற்றதன்று. கை பொறுக்காத சூடு தோன்றினால், நிழலில் வைத்து, தடித்த உறையைக் கழற்றிவிட்டு ஆறவிடுங்கள். குளிர்பெட்டிக்குள் வைத்தல் கூடாது. உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

இரவு முழுதும் சார்ஜ் போட்டு வைக்கலாமா என்பது பலரின் வினா. நிறைந்ததும் கருவி தானே மின்னோட்டத்தை நிறுத்திக்கொள்ளும். ஆகையால் 'அளவுக்கு மீறி ஏறி வெடித்துவிடும்' என்ற அச்சம் நல்ல கருவிக்குப் பொருந்தாது. ஆயினும் ஆறு மணி நேரம் 100 விழுக்காட்டில் வெதுவெதுப்பாகக் கிடப்பது தேய்மானத்தை மிகுவிக்கும். அண்மைக் காலக் கருவிகள் பலவற்றில் 80 விழுக்காட்டோடு நிறுத்தும் அமைப்பு உண்டு. அதை இயக்கிவிட்டால் கவலை இல்லை. இல்லாதவர்கள், மாலையில் குளித்து உணவருந்தும் நேரத்தில் ஒரு பகுதியும், விடியலில் எழுந்து பெரட்டுக்குப் புறப்படும்வரை எஞ்சியதும் ஏற்றிக்கொள்ளலாம். எப்படியாயினும் மெத்தையின்மேலோ தலையணைக்கு அடியிலோ வைத்து ஏற்றுவதை அறவே விலக்க வேண்டும். சிமெந்துத் தரையோ, மேசையோ உகந்தது. வியர்வையால் நனைந்த கருவியின் சொருகு துளை காயும்வரை கம்பியைச் சொருகாதிருக்கவும்.

சார்ஜரைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும் பெயரற்ற சார்ஜர்களில் உள்ளுறைகள் போதிய இடைவெளியின்றி அமைந்திருக்கக்கூடும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் நேரே கைக்கு வரும் ஆபத்து அதில் உண்டு. சிரிம் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். தளர்ந்த சுவர்த்துளையில் காகிதத்தை மடித்துச் செருகி நிறுத்துவதும், ஒரே நீட்டிப்புப் பலகையில் சோற்றுப் பானையையும் நான்கு சார்ஜர்களையும் கோத்துவைப்பதும் பழைய லயங்களில் நாம் காணும் பழக்கங்கள். மரப்பலகைச் சுவருள்ள வீட்டில் அதன் விளைவு ஒரு வீட்டோடு நில்லாது.

ஆண்டுகள் சென்ற மின்கலத்தில் மற்றொரு நோய் தோன்றும். 25 விழுக்காடு இருப்பதாகக் காட்டும் கருவி திடீரென அணைந்துவிடும். உள்ளே தடை மிகுந்துவிட்டதால், கேட்ட வேகத்தில் மின்கலத்தால் மின்சாரம் தர முடிவதில்லை என்பதே பொருள். ஆப்பிள் நிறுவனம் இவ்வாறு அணைவதைத் தவிர்க்கப் பழைய மின்கலமுடைய கருவிகளின் வேகத்தைக் குறைத்ததாக 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒப்புக்கொண்டது. மக்களின் சினத்திற்கு ஆளாகி, மறு ஆண்டு மின்கலம் மாற்றும் கட்டணத்தைத் தாழ்த்தியது. இதிலிருந்து நாம் அறிந்துகொள்ளும் செய்தி பெரிது. மெதுவாகிப்போன, அடிக்கடி அணைகின்ற கைத்தொலைபேசி பல வேளைகளில் கெட்டுப்போனதன்று. அதன் மின்கலம் மட்டுமே முதிர்ந்தது. புதிய கருவிக்குத் தவணை கட்டத் தொடங்குமுன், மின்கலத்தை மட்டும் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கடையில் கேட்டுப் பாருங்கள். புதுக் கருவியின் விலையில் அது ஒரு சிறு பகுதியாகவே இருக்கும்.

மின்கலம் உப்பியிருப்பின் மட்டும் தாமதம் கூடாது. திரை ஓரத்தில் எழும்பி நிற்பதும், பின்மூடி பிதுங்குவதும், மேசையில் வைத்தால் கருவி சுழல்வதும் அதன் அடையாளங்கள். உள்ளே நீர்மம் சிதைந்து வளியாகிவிட்டது. அமுக்கிச் சமமாக்க முயல்வதும், ஊசியால் குத்தி வளியை வெளியேற்றுவதும் தீயை வரவழைப்பதாகும். நுண்துளைத் தாள் கிழிந்து இரு தகடுகளும் தொட்டுக்கொண்டால் நொடிப்பொழுதில் பற்றும். 2016-ஆம் ஆண்டில் சாம்சுங் நிறுவனம் தன் கேலக்சி நோட் 7 கருவிகளை உலகெங்கும் மீட்டுக்கொண்டு, உற்பத்தியையே நிறுத்த நேர்ந்தது. மின்கலத் தகடுகளின் ஓரத்திலும் பற்றவைப்பிலும் இருந்த சிறு குறைகளே அதற்குக் காரணம். உப்பிய கருவியை அணைத்து, மின்னேற்றாமல், குழந்தைகள் கைக்கெட்டாத, எரிபொருளற்ற இடத்தில் வைத்து, விரைவில் கடையில் ஒப்படைக்க வேண்டும். புகையோ தீயோ எழுந்துவிட்டால் முதலில் சுவர் விசையை அணைத்து, வீட்டாரை வெளியேற்றி, 999-ஐ அழைக்கவும், அப்புகை நச்சுடையது.

மாற்றிய பழைய மின்கலத்தை என்ன செய்வது? லயத்தின் பின்புறம் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உள்ளது. லித்தியம் மின்கலம் நெருப்பில் வெடித்துச் சிதறும். வீட்டுக் குப்பையில் கலந்தால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பற்றலாம். மின்னணுக் கழிவு பெறும் கடைகளும் மையங்களும் பட்டணங்களில் உள்ளன. அடுத்த முறை பட்டணம் செல்லும்வரை, உலோக முனைகளின்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி, உலர்ந்த தகர டப்பாவில் தனியே வைத்திருந்து அங்கே ஒப்படைக்கலாம்.